பின்வளவுக் கிணறும் நீல மூடிப் போத்திலும்

அண்மைக்காலம் வரை எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், மகளின் பழைய பள்ளிக்கூடச் சாமான்களுக்கு நடுவே, ஒரு தண்ணீர்ப் போத்தில் கிடந்தது. நீல மூடி, தோளில் மாட்டுகிற வார், பக்கத்தில் பாதி உரிந்துபோன வாத்துப் படம். அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது மன்னார்ப் பட்டினத்துக் கடையொன்றில் வாங்கியது. இப்போது அவளுக்குப் பத்தொன்பது. யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள். அவளுடைய இரத்தப் பரிசோதனைத் தாளைப் பத்திரமாக வைக்க அந்தத் தட்டைத் திறந்தபோது என் கை போத்திலில் பட்டு அது கீழே விழுந்தது. வெறும் பிளாஸ்டிக் போத்தில், உடையவில்லை. ஆனால் நான் அதை எடுக்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் போத்திலைப் பற்றி எழுதுவதென்றால் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அக்காவைப் பற்றி எழுத வேண்டும். என்னைப் பற்றியும் எழுத வேண்டும். இத்தனை நாளாக நான் தள்ளிப்போட்டது அந்த இரண்டாவதைத்தான்.

போர் முடிந்த கையோடு மன்னார்த் தீவில், பட்டினத்துக்குச் சற்று வெளியே, தகரக் கூரை போட்ட ஒரு நீண்ட மண்டபத்துக்குள் ஒரு தொழிற்சாலை வந்தது. வெளிநாட்டுக்குப் போகும் மின்கருவிகளுக்குள் பொருத்துகிற சிறிய மின்சுற்றுப் பலகைகளை அங்கே செய்தார்கள். நாற்பது பெண்கள் வேலை செய்தார்கள். பெரும்பாலானோர் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்கள், பலருடைய வீட்டில் அவர்கள் மட்டுமே உழைப்பவர்கள். வெள்ளைக் கோட்டும் தலையில் வலைத்தொப்பியும் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து ஈயம் உருக்கி ஒட்டுவார்கள். ஒட்டிய பலகைகளில் பிசின்போல ஒரு கறை படியும். அதை அகற்றுவதற்கு ஒரு திரவத்தில் தோய்த்துக் கழுவ வேண்டும். பார்வைக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும். இனிப்பான, தலையைக் கனக்க வைக்கிற ஒரு மணம் அதற்கு உண்டு. நாங்கள் அதை ஸ்பிரித்து என்று சொல்லிக்கொண்டோம். உண்மையான பெயர் அது அடைத்து வந்த இரும்புப் பீப்பாயின், எங்கள் பேச்சில் பரலின், மேல் ஆங்கிலத்தில் இருந்தது. நான் உயர்தர வகுப்பில் இரசாயனம் படித்தவள் என்பதால் ஸ்டோர் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. வருகிற ஒவ்வொரு பரலையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு உள்ளே எடுப்பது நான்தான்.

கழுவிக் கழுவி அந்தத் திரவம் தேயிலைச் சாயம்போல ஆனதும் அதை மண்டபத்துக்குப் பின்னால் வெட்டியிருந்த ஒரு குழியில் ஊற்றினார்கள். குழி என்றால் மணலில் வெட்டிய பள்ளம், அவ்வளவுதான். ஒரு வாளி ஊற்றினால் அரை நிமிடத்தில் மணல் குடித்துவிடும். மறுபடி பார்த்தால் ஈரம்கூட இருக்காது. எங்கள் தீவில் பிறந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கடற்கரைக்குக் கிட்ட கையால் மணலைத் தோண்டினாலே சில இடங்களில் குடிக்கத்தக்க தண்ணீர் ஊறும். கடல் அருகிலேயே இரைந்துகொண்டிருக்க, உப்பில்லாத தண்ணீர் கைக்கு வரும். மணல் வடித்துத் தருகிறது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தண்ணீரைச் சோதிப்பதற்கும் எங்களிடம் ஒரே வழிதான் இருந்தது, நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது. உப்பென்றால் கூடாத தண்ணீர், உப்பில்லையென்றால் நல்ல தண்ணீர். வேறு கெடுதல் ஒன்று தண்ணீருக்குள் இருக்க முடியும் என்ற எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை. “மணல்தானே மிஸ், எல்லாத்தையும் வடிச்சுப்போடும். உங்கட ஊர் மண்ணைப் பற்றி நானோ உங்களுக்குச் சொல்லித்தர வேணும்?” என்று வெளியூரிலிருந்து வந்திருந்த மனேஜர் ஒருமுறை சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார். நானும் சிரித்தேன்.

குழியிலிருந்து கொஞ்சத் தூரத்தில் பனையோலை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் வீடும் நிலமும் சேர்ந்த வளவு, அதன் நடுவில் அவருடைய கிணறு. அக்கா எனக்கு இரத்த உறவு இல்லை. விடத்தல்தீவில் பிறந்து, போரில் கடல் தாண்டிப் போய், பதினெட்டு ஆண்டுகள் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்து திரும்பியவர். முகாமில் குடங்களுக்கு இலக்கம் எழுதி வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம். எப்போதாவது தண்ணீர் வரும்போது இலக்கத்தைக் கூப்பிடுவார்களாம். ஊருக்குத் திரும்பியதும் வீடு போடுவதற்கு முன்பே அவர் கிணற்றைத்தான் வெட்டினார். வீடு தகரமாகவே இருந்தது, கிணற்றுக் கட்டு மட்டும் சீமெந்து பூசி வழவழவென்று இருந்தது. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஆழத்திலேயே தண்ணீர். அந்த ஒடுங்கிய தெருவில், அந்த ஒழுங்கையில், மற்றக் கிணறுகளெல்லாம் கோடையில் உப்புக் கரிக்கும், அவருடையது மட்டும் கரிக்காது. தொழிற்சாலைக் குழாயில் வருவது வாயில் வைக்க முடியாத சவர்த் தண்ணீர் என்பதால் தேநீர் இடைவேளையில் எங்கள் பெண்கள் எல்லோரும் வேலிப் பொட்டால் நுழைந்து அவருடைய கிணற்றடிக்குத்தான் போவார்கள். ஓலை விலகி ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு அந்த வேலியில் இருந்த இடைவெளியை அடைக்க வேண்டாமென்று அக்காவே சொல்லியிருந்தார்.

“கொம்பனிக்கு ஏசி இருக்கு, ஃபான் இருக்கு, குடிக்க ஒரு சொட்டுத் தண்ணி இல்லையாக்கும். வாங்கோ பிள்ளையள், வாங்கோ. முட்டுப்படாதேங்கோ, இஞ்ச நம்பர் இல்லை. பதினெட்டு வருசம் நம்பர் தண்ணி குடிச்சனான். இது நம்பர் இல்லாத தண்ணி.” கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் இதைச் சொல்லுவார். சொல்லிக்கொண்டே வாளியை இழுத்து ஒவ்வொருத்தியின் போத்திலிலும் ஊற்றுவார். எங்கள் கைகள் அப்போது ஸ்பிரித்து மணத்துக்கொண்டிருக்கும்.

என் மகள் அந்த வளவில்தான் வளர்ந்தாள். என் கணவருக்கு அப்போது நிரந்தர வேலை கிடையாது. வேலை கிடைத்த இடங்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார். பகலில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. முதலில் பாலர் வகுப்பு முடிந்து வந்தவளையும், பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்தவளையும், நான் வேலிப் பொட்டால் அக்காவின் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்புவேன். மாலை ஐந்து மணிக்கு அதே பொட்டால் வாங்கிக்கொள்வேன். வேலிக்கு மேலால் ஆள் தெரியாமல் குரல் மட்டும் வருவதால் மகள் அவருக்கு வேலிப் பெரியம்மா என்று பெயர் வைத்தாள். ஒருநாளும் அக்கா அதற்கு எதுவும் கேட்டதில்லை. நான் கொடுக்கப் பார்த்தபோது, “உன்ர பிள்ளை என்ர வீட்டில சத்தம் போடுறாள். அதுக்கு நான்தானே உனக்குத் தரவேணும்” என்று கையைத் தட்டிவிட்டார்.

மன்னாரில் கழுதைகள் தெருவில் தாமாகவே திரியும். அவற்றுக்காக அக்கா கிணற்றடியில் ஒரு சீமெந்துத் தொட்டியில் தண்ணீர் விட்டு வைப்பார். தொழிற்சாலை தொடங்கி மூன்றாவது வருடமோ என்னவோ, ஒரு கோடையில் கழுதைகள் அந்தத் தொட்டிக்கு வந்து மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகத் தொடங்கின. “இதுகளின்ர கொழுப்பைப் பாரன்” என்று அக்கா என்னிடம் வேலிக்கு மேலால் சொன்னார். “மணந்து பாத்திட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகுதுகள். இனி இதுகளுக்குக் கடையில போத்தில் தண்ணி வாங்கி வைக்கவேணும் போல.” நான் சிரிக்கவில்லை. அதற்கு ஒரு கிழமைக்குப் பிறகு ஒழுங்கையில் இருந்த இரண்டு பெண்கள் தண்ணீரில் ஏதோ மணக்கிறது என்று சொல்லி அள்ளுவதை நிறுத்தினார்கள். அக்காவுக்கு அது தன்னைக் குறை சொன்னதுபோல இருந்தது. கிணற்றை ஒருமுறை முழுக்க இறைப்பித்தார், கயிற்றை மாற்றினார், வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

அந்தப் பரல்களில் என்ன எழுதியிருந்தது என்று இங்கே சொல்ல வேண்டும். செத்த மீனும் காய்ந்த மரமும் போட்ட ஒரு படம். அதன் கீழே சின்ன எழுத்தில், இது நிலத்துக்குள்ளோ தண்ணீருக்குள்ளோ போகக் கூடாது, பாவித்ததை மூடிய கொள்கலனில் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. முதல் பரல் வந்த நாளே நான் அதை வாசித்தேன். தமிழில் எழுதியிருந்தால் நாற்பது பேரில் ஒருத்தியாவது வாய் திறந்து கேட்டிருப்பாள். ஆங்கிலத்தில் இருந்ததால் அது எனக்கு மட்டும் வந்த கடிதம்போல ஆகிவிட்டது. நான் அதைப் பிரித்து வாசித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டேன். ஒருமுறை மனேஜரிடம் கேட்டேன். அப்போது கிடைத்த பதிலைத்தான் மேலே எழுதினேன். இரண்டாவது முறை கேட்கவில்லை. கேட்டால் வேலை போகும், தொழிற்சாலையை மூடினால் நாற்பது வீடுகளில் அடுப்பு அணையும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவை பொய்யான காரணங்கள் இல்லை. ஆனால் அவற்றை இப்போது எழுதிப் பார்க்கும்போது கை கூசுகிறது.

அன்று கிணற்றடியில் ஒழுங்கைப் பெண்கள் ஆறேழு பேர் குடங்களோடு நின்றார்கள். அக்கா ஒரு வாளி இழுத்து, வெள்ளை எனாமல் கோப்பையில் நிறைய ஊற்றி என்னிடம் நீட்டினார். “இஞ்ச, நீ படிச்சனீ. இவளவை என்ர கிணறு நாறுதெண்டு கதை கட்டுறாளவை. நீ குடிச்சுப் பாத்துச் சொல்லு. நீ கூடாதெண்டா நாளைக்கே நான் இதை மூடிப்போடுறன்.”

கோப்பையை வாயருகே கொண்டுபோனபோது மணம் வந்தது. மிக மெல்லிய மணம். அது என் கையிலிருந்து வருகிறதா தண்ணீரிலிருந்து வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். நாற்பது பெண்களும் வேலிக்கு அப்பால் மண்டபத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழுவதையும் குடித்தேன். “உப்பில்லை அக்கா. நல்ல தண்ணி” என்றேன்.

“கேட்டியளோடி?” என்று அக்கா மற்றவர்களைப் பார்த்தார். “அப்பாடா, லாப் ரிப்போட் வந்திட்டுது” என்று ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். “மிஸ்ஸின்ர நாக்கு பாஸ் பண்ணினாப் பிறகு நாங்கள் ஆர் கேக்க?” என்று இன்னொருத்தி குடத்தை முன்னால் வைத்தாள். அள்ளாமல் விட்ட அந்த இரண்டு பேரும் அன்று மாலையே மறுபடி அள்ளத் தொடங்கினார்கள்.

மறுநாள் நான் பட்டினத்துக்குப் போய் அந்த நீல மூடிப் போத்திலை வாங்கினேன்.

எங்கள் வீட்டுக்குப் பட்டினத்துக் குழாய்த் தண்ணீர் வந்தது, தொழிற்சாலைக் குழாயில் வந்ததுபோலச் சவர் இல்லை. தினமும் காலையில் அதை நிரப்பி மகளின் தோளில் மாட்டி, “பெரியம்மா வீட்டிலயும் இதைத்தான் குடிக்கவேணும், வேற தண்ணி குடிக்கப்படாது” என்று சொல்லி அனுப்பினேன். அக்காவிடம், பள்ளிக்கூடத்தில் வீட்டுத் தண்ணீர்தான் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றேன். அவர் போத்திலை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். “ஓம் ஓம். குழாய்த் தண்ணி குடிக்கிற பிள்ளைக்கு எங்கட கிணத்துத் தண்ணி ஒத்துவராதுதானே” என்றார். குரலில் இருந்த குத்தல் எனக்கு விளங்கியது. சமையல் குசினியின் கதவில் இருந்த ஒரு ஆணியில் போத்திலை மாட்டிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். மாலையில் போத்தில் எப்போதும் வெறுமையாகவே திரும்பி வரும். வெறும் போத்திலைத் தூக்கி ஆட்டிப் பார்க்கிறபோது எனக்குள் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியோடு நான் வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன், சாப்பிட்டேன், செபம் சொன்னேன், உறங்கினேன். மூன்று வருடம்.

பிறகு வெளிநாட்டு ஓடர்கள் நின்றன. இயந்திரங்களை லொறிகளில் ஏற்றினார்கள். ஒரு ட்ரக்டர் நாலைந்து பெட்டி மணல் கொண்டுவந்து பின்னால் இருந்த குழியை நிரப்பியது. காற்று ஒரு கிழமையில் அந்த இடத்தைச் சமனாக்கிவிட்டது. நான் ஒரு பள்ளிக்கூடக் கந்தோரில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். அக்காவிடம் போவது மாதத்துக்கு ஒருமுறை, பிறகு நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் என்று குறைந்தது. போகும்போதெல்லாம் அவர் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் தருவார். நான் குடித்தேன். அதைக் குடிப்பது ஏதோ கடனைக் கழிப்பதுபோல அப்போது இருந்தது. அது எதையும் கழிக்கவில்லை.

இவ்வருடம் அந்த நிலத்தை வாங்கியவர் வீடு கட்ட மலசலகூடக் குழி வெட்டுவித்தார். வெட்டியவர்கள் இருவர் தலைசுற்றி வாந்தியெடுத்துக்கொண்டு மேலே ஏறினார்கள். அதிகாரிகள் வந்தார்கள், சுற்றியிருந்த கிணறுகளிலெல்லாம் தண்ணீர் எடுத்து அனுப்பினார்கள். சில கிழமைகளில் முடிவு வந்தது. அந்த ஒழுங்கையில் ஒரு கிணறும் பாவிக்கக் கூடாது. அக்காவின் வழவழப்பான கிணற்றுக் கட்டில் சிவப்பு மையால் குறுக்கும் மறுக்குமாகக் கோடிட்டுப் பெரிய புள்ளடி போட்டார்கள். எங்கே ஊற்றினார்கள் என்று அதிகாரிகள் விசாரித்தபோது யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கொம்பனியும் இல்லை, மனேஜரும் இல்லை, ஒரு கடதாசியும் இல்லை. செய்தி கேட்டு மூன்று நாள் நான் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. நாலாம் நாள் போனேன்.

வேலிப் பொட்டிலிருந்து எட்டுகளை எண்ணி வைத்துப் பதினாறாவது எட்டில் நின்று, “இதில” என்றேன். அதிகாரிகளில் ஒருவர் அந்த இடத்தில் கட்டை அடித்தார். நிமிர்ந்தபோது அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. மெலிந்துவிட்டார். ஈரல் சரியில்லையென்று கிளினிக்குக்குப் போய்வருகிறார். தண்ணீரால் வந்ததென்று வைத்தியர் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நான் பொட்டால் குனிந்து அந்தப் பக்கம் போனேன்.

“எனக்குத் தெரியும் அக்கா. பரலில எழுதியிருந்தது. வாசிச்சனான்.”

“எப்ப?”

“முதல் நாளே.”

“அண்டைக்குக் கோப்பையில குடிச்சியே. அப்பவும் தெரியுமோ?”

“ஓம்.”

அக்கா கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார், சிவப்புப் புள்ளடிக்குப் பக்கத்தில். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். அவர் என்னைப் பார்க்காமல் குசினிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப அந்தப் போத்தில் அதுக்குத்தான்” என்றார் கடைசியில். “நான் பெருமையெண்டு நினைச்சன். ஏதோ எங்கட தண்ணி இளக்காரமாப் போச்செண்டு நினைச்சன். பரவாயில்லை, தாய்தானே எண்டும் நினைச்சன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, பயம் வந்திருந்தது. “பிள்ளை, உன்ர மகள் அந்தப் போத்தில் தண்ணியைக் குடிச்சவள் எண்டோ நீ இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறாய்?”

எனக்கு விளங்கவில்லை.

“அந்த நேரம் ஒரு கழுதைக்குட்டி நிண்டதெல்லோ, காதில வெட்டு விழுந்தது. அது தொட்டித் தண்ணியைக் குடிக்காது. இவள் ஒருநாள் உன்ர போத்தில் தண்ணியைச் சிரட்டையில ஊத்தி வச்சாள், குடிச்சுப்போட்டுது. அதோட ஒவ்வொரு நாளும் அதுக்குத்தான். ‘பாவம் பெரியம்மா, அதுக்கு வேற தண்ணி பிடிக்காது’ எண்டு ஒரு சொட்டு மிச்சம் விடாமல் ஊத்துவாள். அவள் குடிச்சது இதுதான்.” கையால் கிணற்றுக் கட்டைத் தட்டினார். “உனக்குச் சொன்னா பிள்ளைக்கு அடிப்பாய் எண்டுதான் நான் சொல்லேல்லை.”

அன்று நான் எப்படி வீடு திரும்பினேன் என்று நினைவில்லை. மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். “ஓம் அம்மா, அந்தக் குட்டி! உங்களுக்கு ஆர் சொன்னது? வேலிப் பெரியம்மாவோ?” என்று சிரித்தாள். ஏன் அழுகிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த இரண்டு நாள் எடுத்தது. கேட்டு முடித்ததும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அப்ப பெரியம்மாவுக்கு ஏன் நீங்கள் ஒரு போத்தில் வாங்கிக் குடுக்கேல்லை?” அந்தக் கேள்வியோடுதான் இப்போது நான் எழும்புகிறேன், படுக்கிறேன். அவளுடைய இரத்தத்தில் இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டுமாம். அவள் போனில் இருமினாலும் நான் கதிரையிலிருந்து எழும்பிவிடுகிறேன்.

ஒழுங்கைக்கு இப்போது கிழமையில் இரண்டு நாள் பவுசர் லொறியில் தண்ணீர் வருகிறது. ஒவ்வொரு வீட்டுப் பிளாஸ்டிக் கானிலும் இலக்கம் எழுதி வரிசையாக வைக்கிறார்கள். அக்காவினுடையது பதினாலு. முதல் நாள் நான் போனபோது வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு தன் கானுக்குப் பக்கத்தில் நின்றார். “பாத்தியே, நம்பரைக் கடலுக்கு அங்கால விட்டிட்டு வந்தனான். அது என்னைத் தேடி வந்திட்டுது” என்றார். முன்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனாமல் கோப்பை நாளில் சிரித்தவர்கள்தான் சிலர். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

அலுமாரியிலிருந்து விழுந்த போத்திலை நான் மறுபடி தட்டில் வைக்கவில்லை. சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, எங்கள் குழாய்த் தண்ணீரை நிரப்பி, மாலையில் அக்காவிடம் கொண்டுபோகிறேன். பெரிய கானிலும் கொண்டுபோகிறேன், அது சமையலுக்கு. போத்தில் குடிப்பதற்கு. அக்கா வேண்டாமென்று சொல்லவில்லை. என்னைக் கண்டதும் முதல் கேள்வி மகளைப் பற்றித்தான். “பிள்ளைக்கு அடுத்த சோதினை எப்பவாம்?” என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டி வாங்குவார். முன்பெல்லாம் நான் எதைக் கொடுத்தாலும் பார்க்காமலே வாயில் போட்டுக்கொள்கிற மனுசி. இப்போது நீல மூடியைத் திருகி, போத்திலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒருமுறை மணந்து பார்க்கிறார். பிறகுதான் குடிக்கிறார். குடித்துவிட்டு மூடியை இறுக்கி, குசினிக் கதவில் இருக்கிற அதே ஆணியில், நான் திரும்பிப் போகும்வரை, மாட்டிவைக்கிறார்.

நாளைக்கும் நிரப்பிக் கொண்டுபோவேன். நாளைக்கும் அவர் முதலில் மணந்து பார்ப்பார்.